கணிப்பு தவறினால் யாருக்கு இழப்பு?

காய்ச்சல், தலைவலி என்றால் நம் வீடுகளில் முதலில் தேடுவது பெனடோல். அதிலுள்ள பாராசிட்டமோல், அளவோடு எடுத்தால் பாதுகாப்பானது. அளவு மீறினால், நலமாக இருந்தவரின் கல்லீரலையும் சில நாள்களில் செயலிழக்கச் செய்துவிடும். ஹெப்படைட்டிஸ் கிருமிகளாலும் இந்நிலை ஏற்படலாம்.

அப்போது மருத்துவர் எடுக்கவேண்டிய முடிவு எளிதன்று. கல்லீரலுக்கு மீண்டும் வளரும் ஆற்றல் உண்டு. காத்திருந்தால் நோயாளி தாமாகவே தேறலாம். காத்திருக்கும்போதே மூளை வீங்கி உயிரும் போகலாம். மாற்று அறுவை சிகிச்சை செய்தால் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் மருந்து சாப்பிட வேண்டும். தேவையில்லாமல் செய்தால், தானமாகக் கிடைத்த கல்லீரல் அதற்காகக் காத்திருந்த இன்னொருவருக்கு இல்லாமல் போகும்.

இதற்கு உதவவே லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை மருத்துவர்கள், 588 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 1989ல் ஓர் அளவுகோலை வெளியிட்டனர். பாராசிட்டமோலால் பாதிக்கப்பட்டவரின் ரத்தத்தில் பிஎச் அளவு 7.3க்குக் கீழே இருந்தால் ஆபத்து. ரத்தம் உறைவதில் பெரும் தாமதம், சிறுநீரகப் பாதிப்பு, கடுமையான மனக்குழப்பம் அல்லது மயக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தாலும் ஆபத்து. மற்றக் காரணங்களுக்குத் தனி விதிகள் உள்ளன.

இந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது. ஆனால், அதன் குறைகளையும் நாம் அறிய வேண்டும். அது ‘ஆபத்து’ என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால், அது ‘ஆபத்து’ என்று சொல்லாதவர்களிலும் சிலர் இறக்கிறார்கள். மேலும், அந்த 588 பேரும் 1973 முதல் 1985 வரை சிகிச்சை பெற்றவர்கள். அதன்பின் தீவிர சிகிச்சை வெகுவாக முன்னேறிவிட்டது. அன்று இறந்திருக்கக்கூடிய சிலர் இன்று மாற்றுக் கல்லீரல் இல்லாமலேயே பிழைக்கிறார்கள். புதிய கல்லீரல் பெற்றவர் அது இல்லாமலும் பிழைத்திருப்பாரா என்பதை யாராலும் சோதித்துப் பார்க்க முடியாது.

ஆகவே, அளவுகோலைத் தூக்கி எறியவும் கூடாது. அதனிடமே முடிவை ஒப்படைக்கவும் கூடாது. நோயாளியின் நிலையை அடிக்கடி மறுபடியும் அளந்து, அனுபவமுள்ள குழு கூடி முடிவெடுப்பதே சரி என்பது என் கருத்து.

மாணவர்களாகிய நமக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. புள்ளியியலைத் தேர்வுக்காக மட்டும் படிக்கிறோம். நாளை செயற்கை நுண்ணறிவு மருத்துவத்திலும் வேலைவாய்ப்பிலும் நம்மைப் பற்றிக் கணிப்புகள் சொல்லும். ‘இது எத்தனை விழுக்காடு சரி?’ என்று மட்டும் கேட்டால் போதாது. ‘யாருடைய விவரங்களை வைத்துக் கணித்தார்கள்? எப்போது? தவறினால் இழப்பு யாருக்கு?’ என்றும் கேட்கப் பழக வேண்டும்.

ஒன்றை மட்டும் இன்றே செய்யலாம். மருந்து உறையில் உள்ள அளவைப் படியுங்கள். சில சளி மருந்துகளிலும் பாராசிட்டமோல் கலந்திருக்கும். அளவு மீறிவிட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மாற்று மருந்தை முதல் எட்டு மணி நேரத்திற்குள் கொடுத்தால் கல்லீரலைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.