நன்னீரில் வாழ்ந்த இலாட நண்டுகள்

கோடிக்கணக்கான ஆண்டுகளாக உருமாறாத உயிர்களுக்கு உதாரணமாகப் பாடநூல்கள் குதிரைலாட நண்டைக் காட்டுவது வழக்கம். பெயரளவிலேதான் அது நண்டு. உறவு முறையிற் சிலந்திக்கும் தேளுக்கும் நெருங்கியது. 44 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கனடாப் பாறையிலும் இக்குலத்தின் உயிர்ச்சுவடு கிடைத்திருக்கின்றது. இன்று எஞ்சியுள்ளவை 4 இனங்களே. அவற்றுள் இரண்டு ஒடிசா, வங்காளக் கரையோரங்களில் வாழ்கின்றன. நான்கும் கடலையும் கழிமுகத்தையும் சார்ந்தவை.

ஆயின், இக்குலம் என்றுமே கடலைவிட்டு அகலவில்லை என எண்ணுதல் பொருந்தாது. அதன் கிளைகள் சில நன்னீரிலும் குடியேறின.

ஐக்கிய அமெரிக்காவின் இலினோய் மாநிலத்திலே, மேசன் கிறீக் என்னுமிடத்து இரும்புக்கல் உருண்டைகளைப் பிளந்தால், உள்ளங்கையில் அடங்கும் யூபுரூப்ஸ் என்னும் பிராணியின் சுவட்டைக் காணலாம். சுமார் 31 கோடி ஆண்டுகளுக்கு முன், பின்னர் நிலக்கரியாய் மாறிய சதுப்புக் காடுகளில் அது வாழ்ந்தது. அதன் மூளையின் வடிவம் வெண்களிமண்ணாகப் பதிந்திருந்த ஒரு சுவட்டைப் பற்றிய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. இக்கால இலாட நண்டின் மூளையை அது பெரிதும் ஒத்திருந்தது!

சிட்னி நகரையடுத்த புறூக்வேலிற் செங்கல்லுக்காக மண் அகழ்ந்த குழியிலே வேறொரு கிளை வெளிப்பட்டது. 1955இல் அதற்கு அவுஸ்திரோலிமுலசு எனப் பெயரிட்டனர். தலையோட்டின் இருபுறத்து முட்களும் நீண்டு விரிய, அம்பு பூட்டிய வில்லெனத் தோன்றும் விந்தை உருவம் அது.

இவ்விரு கிளைகளும் அற்றுப்போயின. கடலைச் சார்ந்த கிளையே நிலைத்தது. காரணம் யாது? கடல் தொடர்ச்சியானது, ஓரிடம் கெட்டால் மற்றோரிடம் பெயரலாம். சதுப்போ, ஏரியோ வற்றினால் ஆங்குள்ள உயிருக்குப் போக்கிடம் இல்லை.

இவ்வுண்மை கித்துல்கலவில் வாழும் நமக்கும் உரியது. இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஐம்பதளவின. ஏறக்குறைய யாவும் இத்தீவுக்கே உரியவை. கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து நெடுந்தூரம் பரவும். ஓடை நண்டின் குஞ்சுகளோ, தாயின் வயிற்றடியிலிருந்து முழு நண்டுருவிலேயே வெளிவந்து, அவ்வோடையிலேயே தங்கிவிடும். ஆதலின், சிற்சில ஓடைகளுக்கு அப்பாற் காணப்படாத இனங்களும் உள.

களைகொல்லி தெளித்த கலத்தைக் களனி கங்கையிற் சேரும் சிற்றோடையிலே கழுவுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும். சதுப்புகளை வற்றச் செய்தது இயற்கை. ஓடையை நஞ்சாக்குவது நம் கை. அக்கையைத் தடுத்தல் நம்மால் ஆகும்.