கேட்காமல் வந்த மாற்றம், கேட்டும் வராத மாற்றம்

சீத்தா கேம்ப்காரர்களுக்கு இடமாற்றம் புதிதல்ல. அந்த ஊரே ஒரு இடமாற்றத்தில் பிறந்ததுதான். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே 17 அன்று, அணுசக்தித் துறைக்கு நிலம் வேண்டும் என்று மும்பை மான்கூர்டு அருகே இருந்த ஜனதா காலனியை இடித்தார்கள். சுமார் 70,000 பேரை டிராம்பேயின் ஓரத்தில் கொண்டுபோய் இறக்கினார்கள். அவர்களில் தமிழர்கள் ஏராளம். வெளியேற்றத்தை எதிர்த்துப் போராடியவர்களின் தலைவர் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம். பின்னாளில், 2000-ல், அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2018-ல் காலமானார்.

அந்த மாற்றத்தை யாரும் கேட்கவில்லை. தானாக வந்தது. இன்று அங்கே வளரும் பிள்ளைகளில் சிலர் ஒரு மாற்றத்தைக் கேட்கிறார்கள். வீட்டை அல்ல, பாடத்தை மாற்ற. இது அவ்வளவு சுலபமாக வருவதில்லை.

விஷயம் இதுதான். பன்னிரண்டாம் வகுப்பில் காமர்ஸ் முடித்த மும்பை மாணவருக்கு முன்னால் இரண்டு பாதைகள். ஒன்று பழைய பி.காம். மற்றது 1999-ல் மும்பை பல்கலைக்கழகம் தொடங்கிய பி.எம்.எஸ்., அதாவது மேலாண்மைப் பட்டப் படிப்பு. அரசு உதவி பெறும் பி.காம். வகுப்பில் கட்டணம் குறைவு, வகுப்பறையில் கூட்டம் அதிகம். பி.எம்.எஸ். சுயநிதிப் படிப்பு. கட்டணம் பல மடங்கு. பதிலுக்கு சிறிய வகுப்பு, புராஜெக்ட், பிரசன்டேஷன், கோடை விடுமுறையில் கம்பெனியில் பயிற்சி. நல்ல கல்லூரிகளில் இந்த இடங்களுக்கு அடிதடி. மாட்டுங்காவிலும் சயனிலும் செம்பூரிலும் உள்ள கல்லூரிகளின் மெரிட் லிஸ்ட்டைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

சீத்தா கேம்ப் பிள்ளை பெரும்பாலும் எதில் சேரும்? பி.காமில்தான். கட்டணம் ஒரு காரணம். இன்னொரு காரணம், பி.எம்.எஸ். என்று ஒன்று இருப்பதே சேர்ந்த பிறகுதான் தெரிகிறது. பக்கத்து வகுப்பில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர்களைப் பார்த்த பிறகு, 'நாமும் அங்கே போக முடியுமா?' என்ற கேள்வி வருகிறது. கேள்வி நியாயமானது. பதில்தான் சிக்கலானது.

முதலில் முன்வாசல். 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ., பி.எம்.எஸ்., பி.சி.ஏ. படிப்புகளை ஏ.ஐ.சி.டி.இ. தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டது. உடனே மகாராஷ்டிர அரசு இவற்றுக்குப் பொது நுழைவுத் தேர்வு வைத்தது. 100 கேள்விகளில் 40 ஆங்கிலம். மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் தொடங்கி நடுவில் வேறு மொழிக்குத் தாவிய பிள்ளைக்கு இந்த 40 எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. முதல் ஆண்டில் தேர்வு எழுதியவர்களைவிட இடங்கள் மிக அதிகமாக இருந்தன. அதே ஆண்டில் இரண்டாவது முறையும் தேர்வு நடத்த வேண்டி வந்தது. சில கல்லூரிகள் படிப்பின் பெயரையே பி.காம். (மேலாண்மை) என்று மாற்றித் தேர்விலிருந்து நழுவின. ஆக, பெயர் பெற்ற கல்லூரிகளில் நெரிசல், மற்ற இடங்களில் காலி நாற்காலி. இந்தக் காலி நாற்காலிகளை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து பக்கவாசல். 2022 டிசம்பரில் பல்கலைக்கழக மானியக் குழு வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வடிவமைப்பில் இது இருக்கிறது. முதல் ஆண்டு முடிவில் மாணவர் தன் முதன்மைப் பாடத்தை, அதே பெரும் பிரிவுக்குள், மாற்றிக்கொள்ளலாம். வணிகவியலும் மேலாண்மையும் அந்த ஆவணத்தில் ஒரே பெரும் பிரிவு. இப்படி மாறி வருகிறவர்களுக்காகக் கல்லூரி தன் அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 10 சதவிகித இடங்களை உருவாக்கலாம். 60 பேர் வகுப்பு என்றால் 6 இடம். முதல் ஆண்டில் பாக்கி எதுவும் இல்லாமல் அதிக மதிப்பெண் சராசரி வைத்திருப்பவருக்கே முன்னுரிமை.

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த 'உருவாக்கலாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். 'உருவாக்க வேண்டும்' என்று இல்லை. கல்லூரி விரும்பினால் கதவு, விரும்பாவிட்டால் சுவர். மேலும், மானியக் குழு திறக்கும் கதவின் நிலையில் ஏ.ஐ.சி.டி.இ.யின் இட எண்ணிக்கையும் மாநிலத்தின் நுழைவுத் தேர்வும் நிற்கின்றன. மூன்று அதிகாரங்களுக்கு நடுவில் நிற்பது ஒரு பதினெட்டு வயதுப் பெண். அவள் கவுன்டரில் கேட்டால், பல நேரம் கிடைக்கும் பதில், 'அப்படியெல்லாம் இல்லை, அடுத்த ஆள் வா.'

அமெரிக்காவில் இது பழைய வழக்கம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாஸ் வணிகப் பள்ளியில் பல ஆண்டுகளாக மாணவர்கள் முதலில் பொதுவாகச் சேர்ந்து, பிறகு விண்ணப்பித்துத்தான் உள்ளே போனார்கள். அங்கும் போட்டி கடுமைதான். பலருக்கு இடம் கிடைக்காமல்தான் போனது. 2024-லிருந்து முதல் ஆண்டிலேயே நேரடியாகச் சேர்க்கும் முறைக்கு மாறியிருக்கிறார்கள். ஆனால் எந்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும், எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருக்கும். தோற்பவருக்கும் எதில் தோற்றோம் என்று தெரியும். நம்மிடம் இல்லாதது அந்த ஒரு தாள்தான்.

சீத்தா கேம்ப் தமிழருக்கு இன்னொரு முடிச்சும் உண்டு. தமிழ்நாட்டில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த குடும்பம், மும்பைக்கு வந்ததும் அந்தச் சலுகையை மாநில அளவில் இழக்கிறது. 1990-ல் மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திர மாணவரின் வழக்கில், ஒரு மாநிலத்துப் பட்டியல் சாதி, பழங்குடித் தகுதி இன்னொரு மாநிலத்துக்குக் கூடவே வராது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1994-லும் 2018-லும் அதையே உறுதி செய்தது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே மகாராஷ்டிரத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டும் குடும்பத்துக்குத்தான் இங்கே பட்டியல் சாதிச் சான்றிதழ் செல்லும். அப்போதும் அந்தச் சாதி இந்த மாநிலப் பட்டியலில் இருக்க வேண்டும். வீடே இடிபட்ட குடும்பத்திடம் 1950-ன் காகிதம் கேட்பது என்ன கணக்கோ தெரியவில்லை.

ஆனால் கையில் இருக்கும் சீட்டுகளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒன்று, மொழிச் சிறுபான்மையினர் உரிமை. அரசியல் சட்டத்தின் 30-வது பிரிவின்படி நடக்கும் தமிழ் மொழிச் சிறுபான்மைக் கல்லூரிகளில் தமிழ் மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. அதற்கு ஆதாரமாகக் கேட்பது பெரும்பாலும் பள்ளியின் லீவிங் சர்டிபிகேட். அதில் 'தாய்மொழி' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பள்ளியில் சேர்க்கும் அவசரத்தில் குமாஸ்தா அந்த இடத்தில் இந்தி என்று எழுதிவிட்டால், பன்னிரண்டு வருஷம் கழித்து ஒரு கல்லூரி இடம் போகலாம். பெற்றோர் இன்றே எடுத்துப் பார்க்க வேண்டிய காகிதம் இது.

இரண்டு, மத்திய அரசின் கல்வி நிறுவனங்கள். சொந்த மாநிலத்தின் சாதிச் சான்றிதழ் மாநிலக் கல்லூரியில் செல்லாவிட்டாலும் மத்திய நிறுவனத்தில் செல்லும். ஐ.ஐ.எம். நுழைவுத் தேர்வான 'கேட்' எழுத எந்தப் பட்டமும் போதும். பொதுப் பிரிவுக்கு 50 சதவிகித மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 45. பி.காமா பி.எம்.எஸ்.ஸா என்று அங்கே யாரும் கேட்பதில்லை. மும்பை பல்கலைக்கழகத்தின் சொந்த மேலாண்மை நிறுவனமான ஜம்னாலால் பஜாஜ், 1965-ல் தொடங்கியது, அங்கும் எந்தப் பட்டதாரியும் போட்டியிடலாம். இன்னும் பக்கத்தில் பாருங்கள். தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம். அதன் மனிதவள மேலாண்மை முதுநிலைப் படிப்புக்கு நாடு முழுவதும் இருந்து போட்டி. அந்த நிறுவனம் இருப்பதும் சீத்தா கேம்ப் இருப்பதும் மும்பையின் ஒரே எம்-கிழக்கு வார்டில். 2009-க்கான மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் பெற்றதும் அதே வார்டுதான்.

எனவே மாறத் துடிக்கும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது: மாறுவதற்கு முன் எதற்காக என்று கேட்டுக்கொள். கணக்கு பிடித்திருந்து சி.ஏ. அல்லது கம்பெனி செகரட்டரி போகிற எண்ணம் இருந்தால் பி.காம். குறைந்த செலவில் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. மிச்சமாகும் கட்டணத்தில் அந்தத் தேர்வுகளுக்கே பதிவு செய்யலாம். விற்பனை, விளம்பரம், மனிதவளம் என்று மனம் போனால், பேசிப் பழக மேடை வேண்டுமென்றால், பி.எம்.எஸ். கேட்பது நியாயம். கோட்டுக்காக மட்டும் என்றால் வேண்டாம். கோட்டு வாடகைக்கே கிடைக்கும்.

மாறுவது என்று முடிவானால் முதல் செமஸ்டரிலிருந்தே கவனம் வேண்டும். மும்பை மாணவர்கள் 'ஏ.டி.கே.டி.' என்று விளையாட்டாகச் சொல்கிறார்களே, ஒரு பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது, அது ஒன்று இருந்தாலே முன்னுரிமை போய்விடும். கேட்பதை வாயால் கேட்காமல் பிரின்சிபாலுக்கு எழுத்தில் கேட்க வேண்டும். மாறுகிறவருக்கு இடம் உண்டா, நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டுமா, முதல் ஆண்டின் எந்தக் கிரெடிட்டுகள் கணக்கில் வரும், மீதி இரண்டு ஆண்டின் கட்டணம் எவ்வளவு என்று நான்கு கேள்வி. எழுத்தில் கேட்டதற்கு 'அடுத்த ஆள் வா' என்று பதில் எழுத முடியாது. கிரெடிட்டுகள் எங்கும் போய்விடாது. 2021-ல் தொடங்கிய கிரெடிட் வங்கியில் அவை 7 ஆண்டு வரை இருக்கும். அந்தக் கணக்கைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பல்கலைக்கழகத்துக்கும் ஒரு வேண்டுகோள். காலியாகக் கிடக்கும் பி.எம்.எஸ். இடங்கள் எத்தனை, மாறி வர விரும்புகிறவருக்கு நிபந்தனை என்ன என்று ஒவ்வொரு கல்லூரியும் முதல் ஆண்டுத் தொடக்கத்திலேயே பலகையில் ஒட்டட்டும். இடம் கொடுக்காவிட்டால் அதையும் ஒட்டட்டும். ஒரு வருஷக் கனவு மிச்சமாகும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், கொஞ்சம் பசையும் ஒரு தாளும் போதும்.

1976-ல் இந்த மக்களை நகர்த்தும்போது லாரிகள் தயாராக வந்தன, யாருடைய விண்ணப்பமும் தேவைப்படவில்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் ஒரு வகுப்பறையிலிருந்து பக்கத்து வகுப்பறைக்குப் போக விண்ணப்பம் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். குறைந்தபட்சம் அந்த விண்ணப்பத்தை எந்தக் கவுன்டரில் கொடுப்பது என்றாவது அவர்களுக்குச் சொல்லலாம்.