ஓய்வுக்கு முன்பே தொடங்க வேண்டிய காப்பீடு

மதுரையை அடுத்த கீழக்குயில்குடி சமணமலையில், செட்டிப்புடவிலும் பேச்சிப்பள்ளத்திலும் 9, 10-ஆம் நூற்றாண்டுத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைச் செதுக்குவித்த சமயம் போற்றிய நான்கு தானங்களில் மருந்தும் ஒன்று. இன்று அந்த மலையைச் சுற்றி, நாகமலை புதுக்கோட்டை வரை வீடு கட்டிக் குடியேறியவர்களில் பணி ஓய்வு பெற்றவர்கள் பலர். வீட்டுக் கடனை அடைத்து, பிள்ளைகளைக் கரையேற்றியவர்கள் கடைசிவரை தள்ளிப்போடும் வேலை மருத்துவக் காப்பீடு. அதைத் தள்ளிப்போடுவதற்குத்தான் முதுமையில் மிகப் பெரிய விலை கொடுக்க நேர்கிறது.

ஓய்வுபெறும் அரசு ஊழியருக்குக் கவலை குறைவு. ஓய்வூதியத்தில் மாதச் சந்தா பிடித்துக்கொண்டு அவருக்கும் துணைக்கும் தமிழக அரசே காப்பீடு தருகிறது. தனியார் நிறுவன ஊழியரின் நிலை வேறு. கம்பெனி எடுத்துத் தந்த குழுக் காப்பீடு பொதுவாகப் பணியோடு முடிந்துவிடுகிறது. நோய்கள் வரிசைகட்டும் வயதில் கையில் பாலிசி இல்லை.

இவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு அரசுக் கதவுகள். ஒன்று இ.எஸ்.ஐ. குறைந்தது ஐந்து ஆண்டுகள் இ.எஸ்.ஐ.யில் இருந்து ஓய்வு வயதை எட்டியவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவரும் துணையும் தொடர்ந்து சிகிச்சை பெறலாம். மதுரையில் தத்தனேரியில் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உள்ளது. ஆலைகளில் உழைத்து ஓய்வு பெற்றவர்கள் இந்த உரிமையை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்று முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-இல் இன்றைய பெயரைப் பெற்ற இத்திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை தருகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1.20 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வேலையில் இருந்தபோது இந்த வரம்பைத் தாண்டியவர்கள், ஓய்வுக்குப் பிறகும் தமக்கு இது கிடைக்காது என்றே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 15,000 ரூபாய் சம்பள உச்சவரம்பில் 35 ஆண்டுகள் உழைத்தவருக்கு பி.எஃப். ஓய்வூதியம் மாதம் 7,500 ரூபாய், ஆண்டுக்கு 90,000. வேறு வருமானம் இல்லாத தம்பதிக்குத் தகுதி உண்டு. மகனின் ரேஷன் கார்டிலேயே பெயர் இருந்தால் அவர் வருமானமும் சேர்ந்து அந்தத் தகுதி போய்விடலாம்.

இந்த இரண்டு கதவுகளும் திறக்காதவர்களுக்குத் தனியார் பாலிசிதான் வழி. 65 வயதைக் கடந்தவருக்கும் பாலிசி தரலாம் என்று 2024 ஏப்ரலில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வயது வரம்பை நீக்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பிரீமியத்துக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகள் வரை நீளலாம். சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் உள்ள ஒருவர் 58 வயதில் பாலிசி எடுத்தால், அவற்றுக்கான முழுப் பாதுகாப்புக்கு 61 வயதுவரை காத்திருக்க நேரிடும். 55-இல் எடுத்திருந்தால், 58-இல் ஓய்வு பெறும் நாளில் அந்தக் காலம் முடிந்திருக்கும்.

பாலிசியைத் தேர்ந்தெடுக்கும்போது பிரீமியத்தை மட்டும் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 20 சதவீத கோ-பே என்றால், 4 லட்சம் ரூபாய் பில்லில் 80,000 நம் கையிலிருந்து போகும். அறை வாடகை வரம்பு 5,000 ரூபாயாக இருக்க, 10,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், மருத்துவர் கட்டணம் போன்றவையும் பாதியாக வெட்டப்படலாம். நோயை மறைத்து விண்ணப்பிப்பது அதைவிட ஆபத்து. முகவர் சொன்னாலும் உண்மையை எழுத வேண்டும். பிறகு மறுக்கப்படப்போவது நம் பில்தான்.

அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் அட்டையை 2024 அக்டோபர் 29 அன்று மத்திய அரசு தொடங்கியது. அப்படியானால் 60 வயதுக்காரர் பத்து ஆண்டுகள் என்ன செய்வார்? வருமான வரம்பைச் சில ஆயிரம் ரூபாயில் தாண்டியவர், தனியார் பிரீமியத்தையும் கட்ட முடியாதவர், இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறார். 60 வயதைக் கடந்தவர்கள் நியாயமான சந்தா கட்டி முதலமைச்சர் திட்டத்தில் சேரத் தமிழக அரசு வழி செய்ய வேண்டும். அரசு ஓய்வூதியருக்குச் சந்தா முறை நடைமுறையில் இருக்கும்போது மற்றவர்களுக்கும் அது சாத்தியமே.

அந்த அறிவிப்பு வரும்வரை யாரும் காத்திருக்க வேண்டாம். ஓய்வுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருப்பவர்கள், தங்கள் குழுக் காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்ற முடியுமா என்று இந்த வாரமே அலுவலகத்தில் கேளுங்கள்.