மழைக் கணக்கு யாவர்க்கும் உரியது

தமிழ் பயிலும் மாணவராகிய எமக்கு வானிலைக் கருவியைப் பற்றி எழுதவேண்டிய காரியம் யாதென்று இம்மலரைக் கையிலெடுக்கும் அன்பர் சிலர் வினவுதல் கூடும். வினவுதல் முறையே. மழையளத்தல் பௌதிக மாணவர் தொழில்; கருவி வாங்குதல் கைப்பொருளுடையார் தொழில். ஆயினும், எழுதிவைத்த ஒன்றை யார் படிக்கலாம், எத்துணைக் காலம் படிக்கலாம் என்னும் வினா, ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றைக் கற்கும் எம்மனோர்க்கும் உரியதேயாம். ஆகலின், வீட்டில் வானிலைக் கருவி வைக்க விரும்புவோர் எதனை முதலாவதாக நோக்கவேண்டும் என்பது பற்றி எம் கருத்தை ஈண்டு வெளியிடத் துணிந்தோம்.

2023-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17, 18 ஆகிய நாள்களில் தென்மாவட்டங்களிற் பெய்த பெருமழையை நம்மில் யாரும் மறந்திரார். 18-ஆம் நாள் காலை 8.30 மணியோடு முடிந்த ஒரு நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழையும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழையும் பதிவாயின. இவ்விரண்டும் அண்டையூர்கள். அண்டையூர்களுக்கிடையே இத்துணை வேற்றுமை காணப்படின், மழைமானியே இல்லாத சிற்றூர்களில் எவ்வளவு பெய்தது என்று யாவர் சொல்ல வல்லார்?

அத்தகைய சிற்றூர் ஒன்றில் எம் சிறிய தகப்பனார் வாழை பயிரிட்டு வசிக்கின்றார். அவர் வீட்டு மாடியில் வானிலைக் கருவி ஒன்று அப்போதே இருந்தது. அதனைத் தெரிந்தெடுத்துக் கொடுத்தவர் யாமே. அந்நாளிற் பள்ளி மாணவராயிருந்த யாம், அதன் திரையின் வண்ணத்தையும், கைப்பேசியில் அது காட்டிய வட்டங்களின் அழகையும் கண்டு மயங்கினோமேயன்றி, அதன் கணக்கு எங்கே தங்குகின்றது என்று ஒருகாலும் கேட்டிலோம்.

வெள்ளம் வடிந்தபின் ஊரார் நால்வர் வந்து, “எந்த மணிக்கு எவ்வளவு மழை பெய்தது? உங்கள் கருவி சொல்லுமே” என்றனர். வீண் ஆவலால் கேட்டாரல்லர். எவ்வளவு பெய்தபின் வாய்க்கால் கரை மீறியது என்பது தெரிந்தால், மறுமுறை மாடுகன்றுகளை எப்போது மேட்டுக்கு ஓட்டுவது என்று முன்னரே துணியலாம் என்பது அவர் கருத்து. சிறிய தகப்பனார் கைப்பேசியைத் திறந்தார். மின்சாரமும் இணையமும் அற்றுப்போன வேளை முதலாக ஒன்றுமில்லை. கருவி தானாக எதனையும் நினைவில் வைப்பதன்று. அளந்ததையெல்லாம் தொலைதூரத்திலுள்ள நிறுவனத்தின் கணினிக்கு அனுப்புவதொன்றே அதன் தொழில். வழி அடைபட்டபோது அளவும் அழிந்தது. முந்திய மாதங்களின் மணிவாரிக் கணக்கைக் கேட்டாலோ, அதற்குத் தனிக்கட்டணம் செலுத்துக என்றது செயலி. முடிவில், அடுத்த வீட்டுப் பெரியம்மா முற்றத்தில் வைத்திருந்த அண்டா நள்ளிரவுக்குள் நிறைந்து வழிந்தது என்பதொன்றே அவ்வூர் கூறத்தக்க அளவாயிற்று. நிறுவனத்தின் பெயர் ஈண்டு வேண்டா. கேளாமல் வாங்குவித்த குற்றம் எம்முடையதே.

நிற்க. சுவடிகளின் வரலாற்றை எண்ணிப் பார்ப்போம். டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வெளியிட்டார்கள். அதற்குமுன் அந்நூல்கள் இல்லாமற் போகவில்லை. வீடுகளிலும் மடங்களிலும் கட்டுண்டு கிடந்தன. கட்டவிழ்த்துப் பல பிரதிகளாக்கியபின்னரே அவை தமிழ்மக்கள் அனைவர்க்கும் உரியனவாயின. அங்ஙனமாகியும் புறநானூற்றில் 267, 268 என்னும் எண்களுக்குரிய பாட்டுக்கள் இன்றுவரை கிடைத்தில. எத்துணைப் பெரும்புலவரும் அவ்விடத்தை நிரப்பமாட்டார். மழைக் கணக்கும் இத்தகையதே. நேற்றுப் பெய்த மழையை இன்று அளத்தல் எவர்க்கும் இயலாது.

இனி, பொதுமக்கள் எழுதிய மழைக் கணக்கு எத்துணைப் பயன்படும் என்பதற்கு இங்கிலாந்து சான்றாகும். ஜார்ஜ் ஜேம்ஸ் சைமன்ஸ் என்பார் 1860-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் மழையளப்போரை ஒன்றுசேர்த்து, அவர்தம் அளவுகளை ஆண்டுதோறும் நூலாக அச்சிட்டார். போதகரும் மருத்துவரும் நிலக்கிழாரும் தம் வீட்டுத் தோட்டத்து மழையை நாடோறும் அளந்து அவருக்கு அனுப்பினர். இங்ஙனம் திரண்ட தாள்களில் 65,000-க்கு மேற்பட்டவற்றை, 2020-ஆம் ஆண்டு மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாக மக்கள் வீட்டினுள் அடங்கியிருந்த காலத்தில், ரெடிங் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எட் ஹாக்கின்ஸ் பொதுமக்கள் முன் வைத்தார். 16,000 தன்னார்வலர் ஏறக்குறைய 52 இலட்சம் அளவுகளைப் பதினாறே நாள்களில் படியெடுத்து முடித்தனர். அதன் பயனாக அந்நாட்டு மழைக் கணக்குத் தொடர் 1862-இலிருந்து 1836-வரை பின்னோக்கி நீண்டது. இஃது எங்ஙனம் கைகூடிற்று? அத்தாள்களைப் படிக்க எவர்தம் திறவுகோலும் வேண்டியதில்லை. கண்ணும் எழுத்தறிவும் போதுமானவை. நூற்றைம்பதாண்டுக்கு முற்பட்ட தாள் இன்று பேசுகின்றது. இரண்டாண்டு வயதுடைய எம் கருவியோ வாய் திறந்திலது!

ஆகவே, வாங்குவோர் கடைக்காரரிடம் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும் என்பது எம் துணிபு.

முதலாவது, நிறுவனத்தின் கணினிக்குச் செல்லாமலே, கருவியின் கணக்கை நம் வீட்டினுள் நேராகப் பெறலாகுமோ? டேவிஸ் நிறுவனத்தாரின் வெதர்லிங்க் லைவ் என்னும் பெட்டி, வீட்டு வைஃபையில் உள்ள எந்தக் கணினி கேட்டாலும் அவ்வப்போதைய அளவினைத் தருகின்றது. எக்கோவிட் நிறுவனத்தாரின் இணைப்புப் பெட்டிகளுக்கு நாமே ஒரு முகவரியைக் குறித்துக் கொடுத்தால், அவ்விடத்துக்கு அளவுகளை அனுப்புகின்றன. ஆகவே, இவ்வசதி கேட்டற்கரியதொன்றன்று.

இரண்டாவது, இணையம் அற்றபோது கருவி தானே நினைவில் வைக்குமோ? டேவிஸ் வான்டேஜ் வகைக் கருவிகளிற் பொருத்தும் பதிவுப்பெட்டி 2,560 பதிவுகளைத் தன்னகத்தே வைத்துக்கொள்ளும். அரைமணிக்கு ஒரு பதிவாயின் 53 நாளும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாயின் ஏறக்குறைய ஒன்பது நாளும் தாங்கும். வெள்ளத்தின் மூன்று நாளுக்கு இது வேண்டியதற்கு மேலேயன்றோ?

மூன்றாவது, முதல்நாள் தொட்டு உள்ள முழுக்கணக்கையும் கட்டணமின்றி எளிய எழுத்துக் கோப்பாக இறக்கிக்கொள்ளலாமோ? படத்தை மட்டும் காட்டி எண்ணைத் தாராத கருவி, நூலின் அட்டையை மட்டும் காட்டிப் பெட்டியைப் பூட்டுபவனை ஒக்கும்.

நான்காவது, பிறர் எழுதிய கட்டற்ற மென்பொருள் அக்கருவியோடு பேசவல்லதோ? வீவெக்ஸ் என்னும் மென்பொருள் விலையில்லாதது. அதன் மூலநிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம். பல நிறுவனங்களின் கருவிகளிலிருந்து அது கணக்கைப் பெறும். இத்தகைய துணையிருப்பின், நிறுவனம் மறைந்தாலும் கருவி ஊமையாகாது.

இதற்கு மறுப்புரைப்பாரும் உளர். அரசாங்கத்தார் அளக்க, நாம் ஏன் அளத்தல் வேண்டும் என்பர் சிலர். மேலே காட்டிய இரண்டூர்களின் கணக்கே இவர்க்கு விடையாகும். வேறு சிலர், கணக்கை வெளியிட்டால் வீடு இன்னதென்று பிறர் அறிந்துகொள்வரே என அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமானதே. ஊரின் பெயரையோ, தோராயமான இடத்தையோ குறித்தால் போதும். வாசற்படியைக் குறித்தல் வேண்டா. இன்னும் சிலர், இணையத்திற் பெரிய நிறுவனங்கள் நம் கணக்கை ஏற்றுக்கொள்கின்றனவே, அது போதாதோ என்பர். வெதர் அண்டர்கிரவுண்ட் என்னும் தளத்துக்கு உலகெங்குமுள்ள வீட்டுக்காரர் தம் கருவிகளின் அளவுகளை விலையின்றி ஈந்தனர். எனினும், எவரும் அவ்வளவுகளைக் கணினிவழிப் பெறுதற்கிருந்த கட்டணமற்ற வாயிலை மூடப்போவதாக அத்தளத்தார் 2018-ஆம் ஆண்டில் அறிவித்தனர். அவரைக் குறைகூறுதல் எம் நோக்கமன்று, வணிகம் அத்தன்மையது. பிறரிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்கலாம். மூலம் நம் கையில் இருத்தல் வேண்டும் என்பதே எம் கருத்து.

ஒன்று மட்டும் மறத்தலாகாது. கணக்குத் திறந்திருந்தாற் போதாது, மெய்யாகவும் இருத்தல் வேண்டும். சுவரோரத்து வெயிலில் தொங்கும் வெப்பமானி சுவரின் சூட்டையே கூறும். மரமோ கட்டடமோ அருகிருப்பின், அதன் உயரத்தினும் இருமடங்கு தூரத்தில் மழைமானியை வைத்தல் முறை. மேலும், இக்கருவிகளிற் பெரும்பாலானவற்றில் மழையை அளப்பது ஒரு சிறு ஏற்றத்தட்டு, 0.2 மில்லிமீட்டர் அளவு நீர் நிறைந்தவுடன் கவிழ்ந்து ஒன்றெனக் கணக்கிடும். அடைமழையில் அது கவிழ்ந்து நிமிருமுன் சிறிது நீர் எண்ணப்படாமலே ஓடிவிடும். ஆதலால் அதன் பக்கத்தில் எளிய கைமழைமானி ஒன்றும், கூடத்தில் ஒரு குறிப்புப் புத்தகமும் இருத்தல் நலம். விலையுயர்ந்த கருவி வாங்க இயலாதார் இவ்விரண்டினால் மட்டுமே தொடங்கலாம். அவர்தம் கணக்கு எவர் பூட்டுக்கும் அடங்குவதன்று.

எம் சிறிய தகப்பனார் சென்ற ஆண்டு கைமழைமானி ஒன்று வாங்கினார். காலை எட்டரை மணிக்கு அளந்து, பள்ளிச் சிறுவரின் கோடிட்ட குறிப்பேட்டில் எழுதிவருகின்றார். பழைய கருவி இன்னும் மாடியிற் சுழன்றுகொண்டிருக்கின்றது. அதனை மாற்றும் நாளில் மேற்கூறிய நான்கு வினாக்களையும் தாமே கேட்பதாகக் கூறினார். எம்மை உடன்வரும்படி அழைத்திலர்.

குடத்துள் இட்ட விளக்கினால் அயலார்க்குப் பயனில்லை. குன்றின்மேல் இட்ட விளக்கு ஊருக்கெல்லாம் வழிகாட்டும். நம் கல்லூரி விடுதியின் மாடியில் இடமுண்டு. அளக்கக் கையும் எழுதப் பேனாவும் உண்டு. திறந்த கணக்குடைய கருவி ஒன்றை நாமும் நிறுவி, திங்கள்தோறும் நூலகப் பலகையில் அதன் அளவுகளை ஒட்டி, அடுத்த மலரில் ஒரு பக்கத்தை ஆண்டின் மழைக் கணக்குக்கு ஒதுக்கினால் என்ன? கவிதைக்கும் கட்டுரைக்கும் ஒரு பக்கம் குறையும் என்று வருந்துவார் இருப்பரேல், எம் கட்டுரையின் பக்கத்தையே விட்டுத்தர இசைகின்றோம்.