பழி உப்புக்காற்று மேல், தப்பு ஒயரிங் மேல்



காருக்குள் கலர் எல்இடி பட்டை ஒட்டும் ஆசை நம் புன்னைக்காயலுக்கும் வந்துவிட்டது. ஒட்டுங்கள், அழகுதான். ஆனால் இரண்டு மாதத்தில் அது மினுக்கினால், "நம்ம ஊரு உப்புக்காத்துக்கு எதுவும் நிக்காது சார்" என்று சொல்லாதீர்கள்.

அதே காற்றில்தான் நம் படகுகளில் விளக்கு எரிகிறது. அங்கே ஜாயிண்டை ஈரம் புகாமல் மூடுகிறோம். காரில் மட்டும் வயரை முறுக்கி டேப் சுற்றுகிறோம். டேப் இளகி, உப்பு ஈரம் நுழைந்து, செம்பில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. களிம்பு மின்சாரத்தைத் தடுக்கிறது; லைட் மினுக்குகிறது. இதில் காற்றின் குற்றம் என்ன?

இதைவிட மோசம் ஃபியூஸ் விஷயம். எட்டாம் வகுப்புக் கணக்குதான். மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும் பட்டை 5 மீட்டர் என்றால் 72 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 6 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் இதே 72 வாட்டுக்குச் சுமார் 0.3 ஆம்பியர் போதும். "சின்ன லைட்டுதானே" என்று நூல் மாதிரி வயர் போடுவது இதனால்தான் ஆபத்து.

ஃபியூஸ் வயரின் காவலாளி. அது போனால் 10 ஆம்பியருக்குப் பதில் 20 போடுவதும், சிகரெட் அட்டை ஈயத்தாளைச் சுற்றுவதும் ரிப்பேர் அல்ல. அடுத்து உருகப்போவது வயர்.

ஒழுங்காகப் பார்ப்பது இப்படித்தான். பட்டையைக் கழற்றிவிட்டு அதே அளவு ஃபியூஸ் போடுங்கள். மறுபடி போனால் வயர் எங்கோ உரசி பாடியைத் தொடுகிறது. போகவில்லை என்றால் கோளாறு பட்டையில். ஃபியூஸ் போகாமல் மினுக்கினால் எர்த்தைப் பாருங்கள்: லைட் எரியும்போது பட்டையின் மைனசுக்கும் பேட்டரி மைனசுக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயிண்டும் துருவும் போகச் சுரண்டி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். ஐந்து நிமிட வேலை.

இதைச் செய்யாமல் பெரிய ஃபியூஸை நீட்டுகிற கடையில் காசு கொடுக்காதீர்கள், மக்கா. "எத்தனை ஆம்பியர் வயர், எத்தனை ஆம்பியர் ஃபியூஸ்?" என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். பின் சீட்டில் தூங்கி வருவது உங்கள் பிள்ளைகள்.