லாயத்துக்கும் ஓய்வுநாள் உண்டு



நம் சபையின் வாலிபர் சிலர் சென்ற வாரம் ஒரு கேள்வியோடு வந்தார்கள். நகருக்கு வெளியே ஒரு குதிரை லாயம் இருக்கிறது. குதிரை வைத்திருப்போர் மாதக் கட்டணம் செலுத்தித் தங்கள் குதிரைகளை அங்கே விட்டிருக்கிறார்கள். அவற்றைப் பழக்குவதும் சவாரி கற்றுத்தருவதும் அங்கேயே நடக்கின்றன. மொத்தம் 14 குதிரைகள். 5 பேர் பார்த்த வேலையை இப்போது 2 பேர் பார்க்கிறார்கள். “ஞாயிறு காலையில் நாங்கள் போய் உதவலாமா, ஐயா?” என்பதே அவர்களுடைய கேள்வி.

இதற்கு நம்மிடையே இரண்டு மறுப்புகள் எழுந்தன. ஆராதனை நேரத்தில் லாயத்தைக் கூட்டப் போவது முறையா என்பது ஒன்று. வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்குக்கு நம் பிள்ளைகள் ஏன் கூலியின்றி உழைக்க வேண்டும் என்பது மற்றொன்று. இரண்டும் அக்கறையிலிருந்து பிறந்தவை. ஆகவே இரண்டுக்கும் விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். போகலாம் என்பதே என் கருத்து. ஆனால் எவ்வாறு போகிறோம், யாருக்காகப் போகிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

முதலில் அந்த வேலை எத்தகையது என்று பாருங்கள். 450 அல்லது 500 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிலோ உலர்ந்த தீவனம் வேண்டும். 25 முதல் 50 லிட்டர் வரை தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் அதற்கு மேலும் ஆகும். அதன் இரைப்பை உடலின் அளவுக்குச் சிறியது. ஆகவே ஒரு நாளுக்குரியதை ஒரே வேளையில் கொட்டிவிட்டுப் போக முடியாது. சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தியெடுக்கவும் இயலாது. தண்ணீர் குறைந்தாலோ தீவனம் திடீரென மாறினாலோ வயிற்றுச் சூலை வந்து, சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாகலாம். சாணமும் நனைந்த படுக்கையும் நாள்தோறும் அகற்றப்பட வேண்டும். இல்லையேல் குளம்பின் அடிப்பகுதி அழுகத் தொடங்கும். நான்கு குளம்புகளிலும் அடைந்திருக்கும் கல்லையும் அழுக்கையும் தினமும் சுரண்டி எடுக்க வேண்டும். இவற்றில் எதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைக்க முடியாது.

பழங்காலத்து வண்டிக் குதிரைகளிடம் கண்ட ஒரு நோய்க்குத் ‘திங்கட்கிழமை நோய்’ என்றே பெயர் வழங்கியது. வாரமெல்லாம் பாரம் இழுத்த குதிரையை ஞாயிறன்று கொட்டிலில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் வேலைநாளில் கொடுக்கும் தானியத்தை அன்றும் குறைக்காமல் கொடுப்பார்கள். மறுநாள் வேலைக்குப் பூட்டியதும் அதன் தசைகள் இறுகி, நடக்கவும் இயலாமல் நின்றுவிடும். ஓய்வு கொடுத்தால் மட்டும் போதாது. ஓய்ந்திருக்கும் ஜீவனை அறிந்து பராமரிக்கவும் ஒருவர் வேண்டும் என்பதை அந்நோய் அக்காலத்தவருக்குக் கற்பித்தது.

இப்போது முதல் மறுப்புக்கு வருகிறேன். ஓய்வுநாள் கட்டளை மனிதருக்கு மட்டும் அருளப்பட்டது என்று நாம் பலவேளைகளில் எண்ணிக்கொள்கிறோம். உபாகமம் 5ஆம் அதிகாரத்தில் அக்கட்டளையைப் பொறுமையாக வாசியுங்கள். அதில் மாடும் கழுதையும் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. மிருகங்கள் இளைப்பாறவும், வீட்டில் பணிசெய்கிறவனும் அந்நியனும் களைப்பாறவுமே அந்த நாள் என்று அது காரணம் கூறுகிறது. லூக்கா 13ஆம் அதிகாரத்தில், 18 வருடம் கூனியாயிருந்த ஸ்திரீயை ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்கியபோது ஜெப ஆலயத் தலைவன் கோபமடைந்தான். ஆண்டவர் அவனுக்கு எடுத்துக்காட்டியது தொழுவத்தைத்தான். ஓய்வுநாளில் மாட்டையோ கழுதையையோ அவிழ்த்துக்கொண்டுபோய்த் தண்ணீர் காட்டுவதை அங்கிருந்த எவரும் பாவமென்று எண்ணவில்லை. அந்த எளிய இரக்கத்தின்மேல்தான் அவர் தம்முடைய நியாயத்தைக் கட்டியெழுப்பினார்.

ஆகவே தாகமாயிருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவது ஓய்வுநாளை மீறுவதாகாது. எனினும், பிரியமானவர்களே, அந்த லாயத்தில் குதிரைகளைவிட அதிகமாக ஓய்வை இழந்திருப்பவர்கள் அந்த இரண்டு குதிரைக்காரர்கள். இருவரும் வெளிமாநிலத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். விடியுமுன் எழுந்து, இருட்டிய பின்பு படுக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள்கூட அவர்களுக்கு விடுப்பில்லை. யாத்திராகமம் கூறும் பணியாளும் அந்நியனும் நம் ஊரின் எல்லையிலேயே இருக்கிறார்கள். நீங்கள் போவதால் அவர்களில் ஒருவர் ஞாயிறன்று உறங்கவும், ஊரிலுள்ள தம் பிள்ளைகளோடு தொலைபேசியில் நிதானமாகப் பேசவும் முடியுமானால், ஓய்வுநாளை நீங்கள் இன்னொருவருக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. குதிரை யாருடையது என்று பார்த்து உதவும்படி வேதம் நமக்குச் சொல்லவில்லை. பகைவனுடைய கழுதை சுமையின்கீழ் விழுந்து கிடந்தாலும் ஒதுங்கிப் போகாதே என்பதே யாத்திராகமம் 23இன் போதனை. ஆனால் எபிரெய மூலத்தில் அங்கே ‘அவனோடேகூட’ என்னும் பொருள்படும் ஒரு சிறு சொல் இருக்கிறது. கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூத நியாய நூலாகிய மிஷ்னா அந்தச் சொல்லைக் கூர்ந்து கவனிக்கிறது. கழுதைக்குச் சொந்தக்காரன் ஓரமாய் உட்கார்ந்துகொண்டு, “கட்டளை உனக்குத்தானே, நீயே இறக்கு” என்பானானால், வழிப்போக்கனுக்கு அந்தக் கடமை இல்லை; சொந்தக்காரன் முதியவனாகவோ நோயாளியாகவோ இருந்தால் கடமை உண்டு என்று அது தீர்க்கிறது. இது எவ்வளவு நேர்மையான தீர்ப்பு என்று சிந்தித்துப் பாருங்கள்!

இந்த அளவுகோலை லாயத்துக்கும் பொருத்துங்கள். ஒருவர் நோயுற்றார், ஒருவர் தாயின் அடக்கத்துக்காக ஊருக்குப் போனார், புதிய ஆள் கிடைக்கச் சில வாரம் ஆகும் என்றால், தயங்காமல் போங்கள். உரிமையாளரும் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறாரா என்று பாருங்கள். எடுத்தால் அவரோடேகூட நில்லுங்கள். மாறாக, கூலி போதாமையால் ஆட்கள் விலகிப்போனார்கள், இலவசமாக உழைக்கப் பிள்ளைகள் கிடைத்ததால் புதிய ஆளைத் தேடும் முயற்சியே நின்றுபோயிற்று என்றால், உங்கள் உதவி ஓர் ஏழையின் வேலையைப் பறிக்கும் கருவியாகிவிடும். பிடித்துவைக்கப்பட்ட கூலியின் கூக்குரல் தேவனுடைய செவிக்கு எட்டுகிறது என்று யாக்கோபு எச்சரிப்பதை நாம் மறக்கலாகாது. எனவே போகுமுன் உரிமையாளரிடம் மரியாதையோடு இரண்டு காரியங்களைப் பேசிவிடுங்கள். ஒன்று, இத்தனை வாரம் மட்டுமே வருவோம் என்னும் காலவரம்பு. மற்றொன்று, நாம் வரும் நாளில் ஓய்வெடுக்கும் பணியாளருக்கு அந்த நாளின் கூலி பிடிக்கப்படாது என்னும் உறுதி. இவற்றைக் கேட்பது அன்புக்குக் குறைவு என்று எண்ணாதீர்கள். நீதியை விசாரியாத அன்பு, பல நேரங்களில் பலவான் பக்கமே சாய்ந்துவிடுகிறது.

போகிறவர்களுக்குச் சில சொற்கள். குதிரையின்மேல் ஏறும் ஆசையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். அங்கே தேவைப்படுவது மண்வெட்டியும் வாளியும் பிடிக்கும் கைகள். சொல்லாமல் எதையும் தின்னக் கொடுக்காதீர்கள்; அன்போடு நீட்டிய ஒரு கூடைத் தானியமும் குதிரைக்கு நோயாகலாம். பின்புறமாக நெருங்காதீர்கள், குரல் கொடுத்துத் தோள் பக்கமாகப் போங்கள். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். படிப்பில்லாதவர் என்று எண்ணாமல் அந்தக் குதிரைக்காரர்களை ‘அண்ணா’ என்றழைத்து, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். அந்த இடத்தில் அவர்களே ஆசிரியர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, வருவதாகச் சொன்ன நாளில் வந்துவிடுங்கள். வராத உதவியை நம்பி ஒருவர் ஓய்வெடுத்துவிட்டால், தண்ணீர்த்தொட்டி காலியாகவே கிடக்கும்.

ஆராதனையையும் அசட்டை செய்ய வேண்டாம். முறைவைத்துச் செல்லுங்கள்; காலையில் லாயத்துக்குப் போகிறவர்கள் மாலை ஆராதனையில் கூடிவாருங்கள். லாயத்தின் வாசனை உடையில் ஒட்டியிருந்தாலும் கூச்சமின்றி வாருங்கள். நம் இரட்சகரை முதன்முதலில் கிடத்திய இடம் முன்னணை என்பதை அறிந்த சபை, அந்த வாசனைக்கு முகம் சுளிக்கக் கூடாது.

லாயத்துக்குப் போக முடியாதவர்களுக்கும் இந்த வாரம் ஒரு சிந்தனை. உங்கள் ஓய்வுநாளை இயலச்செய்வதற்காகத் தன் ஓய்வை இழப்பவர் யார்? வீட்டுப் பணிப்பெண்ணா, குடியிருப்பின் காவலாளியா, முதிய பெற்றோரைப் பார்த்துக்கொள்ளும் உடன்பிறப்பா? அவருடைய ஒரு நாள் சுமையை அவரோடேகூட நின்று தூக்க முடியுமா என்று ஜெபத்தோடு ஆராய்ந்து பாருங்கள்.

இளைப்பாறுதலின் தேவன் உங்களையும் உங்கள் குடும்பத்தாரையும் காத்து வழிநடத்துவாராக. ஆமென்.