தாம்போதி விளையாட்டுத் திடலல்ல

டோஹாவில் 12 ஆண்டுகள் சாரதியாக இருந்துவிட்டு ஊர் திரும்பிய உறவுக்காரத் தம்பி ஒருவர், சென்ற வாரம் மஃரிபுக்குப் பின்னர் நான்கைந்து நண்பர்களோடு என் வீட்டு முற்றத்துக்கு வந்தார். கையில் ஒரு கொப்பித் தாள். அதில் பேனாவால் வரைந்த பாதை. மார்கழி விடுமுறையில் ஜீப் வண்டிகளை அணிவகுத்துக்கொண்டு 'ஓஃப் ரோட்' பயணம் போகப் போகிறார்களாம். "காக்கா, நீங்களும் வர வேண்டும், வந்து எழுதவும் வேண்டும்" என்றார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். கல்முனையில் தொடக்கம். முதலில் கிட்டங்கித் தாம்போதியில் வெள்ளத்தைக் கடந்து நாவிதன்வெளிப் பக்கம் ஏறுவது. பிறகு வயல் வழிகளால் சுற்றி வந்து, அக்கரைப்பற்று, பொத்துவில், பாணமை ஊடாக உகந்தை வரை செல்வது. திகதி: டிசம்பர் 26.

இந்த விளையாட்டின் மீது எனக்கு வெறுப்பில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மிட்சுபிஷி ஜீப் ஒன்றைப் பிரித்துப் பூட்டி, அது மணலில் ஏறி நிற்கும்போது ஒருவன் அடையும் பூரிப்பு எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் இப்பழைய வண்டிகளைப் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள். 2022இல் எரிபொருள் வரிசைகளில் இரவு பகலாக நின்றவர்களும் இவர்களே. ஒரு நாள் ஓடி மகிழ அவர்களுக்கு உரிமையில்லையா?

ஆனால் கத்தாரின் குளிர்காலம் வேறு, நமது குளிர்காலம் வேறு. அங்கே நவம்பர் பிறந்தால் வெயில் தணிந்து பாலைவனம் மனிதருக்கு இணங்கி வருகிறது. சீலைன் மணற்குன்றுகளில் டயரின் காற்றை 30 இறாத்தலில் இருந்து 15க்குக் குறைத்து ஏறுவதைத் தம்பி அங்கேதான் கற்றார். நன்றாகவே கற்றிருக்கிறார். மணல் தவறுக்கு இடம் தரும். வண்டி புதைந்தால் இறங்கித் தோண்டலாம், தேநீர் குடிக்கலாம், மற்றொரு வண்டி வந்து இழுக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே மார்கழி என்பது வடகீழ்ப் பருவக்காற்றின் மாதம். ஆண்டு முழுவதற்குமான மழையில் பெரும்பங்கு இரண்டு மூன்று மாதங்களுக்குள் கொட்டித் தீர்க்கிறது. ஓடும் நீர் தவறுக்கு இடம் தருவதில்லை.

முழங்கால் அளவு நீர்தானே என்று நண்பர்களில் ஒருவர் கேட்டார். ஒரு அடி ஆழத்தில் வேகமாக ஓடும் நீர் சிறிய கார் ஒன்றை மிதக்கச் செய்யப் போதுமானது. இரண்டு அடி நீர் ஜீப், பிக்கப் போன்ற பெரும்பாலான வாகனங்களையும் அடித்துச் செல்லும். கலங்கிய நீருக்குக் கீழே தாம்போதியின் ஓரம் அரித்துப் போயிருப்பதைச் சாரதி ஆசனத்தில் இருந்து எவரும் காண முடியாது. இயந்திரம் நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி முடுக்குவதும் ஆபத்து. உள்ளே புகுந்த நீரை அமுக்க முடியாமல் உட்பாகம் வளைந்து உடைந்துவிடும். இன்னொன்றையும் மறக்கலாகாது. நமது ஊரில் வெயிலடிக்கும் நாளிலும் நீர் உயரலாம். இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டால், கல்லோயா எனப்படும் பட்டிப்பளை ஆற்றின் கீழ்ப்பகுதி நமது வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை.

இவையெல்லாம் அவர்களுக்குத் தெரியாதவை அல்ல. நான் சொல்ல வந்தது வேறு.

2024 நவம்பர் 26ஆம் திகதி நிந்தவூரில் மத்ரஸாவில் ஓதிக்கொண்டிருந்த சிறுவர்கள், வெள்ளம் காரணமாக விடுமுறை கிடைத்து, சம்மாந்துறையில் உள்ள தமது வீடுகளுக்குப் புறப்பட்டார்கள். காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடியது. அவர்கள் ஏறிய உழவு இயந்திரம் வெள்ளத்தில் அள்ளுண்டது. மாணவர்கள் உட்படப் பலர் மௌத்தானார்கள். அந்த ஜனாஸாக்களை இப்பிரதேசம் இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பிள்ளைகள் சாகசத்துக்காக வெள்ளத்தில் இறங்கவில்லை. வீடு போக வேண்டியிருந்தது, அவ்வளவே. உழவு இயந்திரம் உயரமானது, பாரமானது, கடந்துவிடும் என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? முன்னால் போன ஒன்று கடந்துவிட்டது என்ற காட்சியில் இருந்துதான் வருகிறது. பத்து ஜீப்புகள் வரிசையாக நீரைக் கிழித்துக்கொண்டு கிட்டங்கியைக் கடந்து, அதைப் படம் பிடித்து முகநூலில் இட்டால், மறுநாள் அதே இடத்தில் காய்கறி மூட்டையோடு நிற்கும் முச்சக்கர வண்டிக்காரனுக்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? உங்களிடம் விஞ்ச் உண்டு, இழுவைப் பட்டி உண்டு, பின்னால் ஒன்பது வண்டிகள் உண்டு. அவனிடம் மூன்று சில்லுகள் மட்டுமே உண்டு. நாவிதன்வெளி மக்களுக்கு அந்தத் தாம்போதி தொழிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் வழி. ஒவ்வொரு மாரியிலும் அவர்கள் அஞ்சி நிற்கும் இடத்தை நாம் விளையாட்டுத் திடலாக்குவது எனக்குச் சம்மதமில்லை.

வயல் வழிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழியில் சேறு தேடிப் போகிறவனுக்கு அகப்படுவது பெரும்போக வேளாண்மைதான். ஒரு வரம்பு உடைந்தால் பசளையோடு நீரும் போய்விடும். இதற்கு விளக்கம் தேவையில்லை.

திகதியைப் பற்றியும் சொன்னேன். 2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் அன்று யாசீன் ஓதும் வீடுகளைக் கடந்து, ஒலிபெருக்கி பூட்டிய வண்டிகள் போகலாமா? தம்பி தலையைக் குனிந்துகொண்டார். அன்று அவர் பள்ளிக்கூடச் சிறுவன்; அவருடைய உம்மும்மாவையும் அந்த அலைதான் கொண்டு போனது. விடுமுறை நாள் தேடியதில் நினைவு தப்பிவிட்டது போலும்.

என் யோசனை இதுதான். பெப்ரவரி நடுப்பகுதியில், மழை ஓய்ந்தபின் போங்கள். சுபஹுத் தொழுகை முடிந்ததும் புறப்பட்டால் பொத்துவில் சுமார் 70 கிலோமீற்றர். காலை உணவு அங்கே. பாணமைக்கு அப்பால் உகந்தைவரை உள்ள பாதையில் உங்கள் மணல் வித்தைக்கு வேண்டிய வேலை இருக்கும். இருட்டுமுன் திரும்பிவிட வேண்டும், யானைகள் நமக்காக வழிவிட்டு நிற்பதில்லை. ஆமைகள் முட்டையிடும் கடற்கரை மணலில் சில்லுகள் ஏறக் கூடாது. உகந்தையில் முருகன் ஆலயம் இருக்கிறது. அங்கே இயந்திரச் சத்தமும் கூச்சலும் வேண்டாம். அதற்கப்பால் குமண தேசிய பூங்கா. அங்கே வனஜீவராசிகள் அலுவலர் சொல்வதே முடிவு. 2022 ஒக்டோபரில் யால பூங்காவுக்குள் ஒரு கூட்டம் ஜீப்புகளைத் தாறுமாறாக ஓட்டியது. அந்தக் காணொளியைக் கண்டு நாடே காறித் துப்பியதும், விவகாரம் நீதிமன்றம் வரை போனதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

இழுவைப் பட்டியைப் பின்பக்க உருண்டைக் கொக்கியில் மாட்டாதீர்கள், அது கழன்றால் பீரங்கிக் குண்டுபோல் பாயும் என்று நான் சொன்னபோதுதான் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். பத்திரிகைக்காரனுக்கு இதுவும் தெரியுமா என்ற வியப்பாக இருக்கலாம்.

தேநீர் முடிந்தது. தம்பி 26ஐப் பேனாவால் வெட்டினார். வயல் வழியையும் வெட்டினார். கிட்டங்கிக்கு மேலே பேனா கொஞ்ச நேரம் நின்றது. "பொடியன்மாரிடம் கேட்டுச் சொல்கிறேன் காக்கா" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் மீண்டும் கூடுகிறார்களாம். அழைக்காவிட்டாலும் நான் போவேன்.